பெயிண்டில் எழுதிய விலை

"ஏட்டி சுந்தரி, இந்த ஒன்பது நேரா இருக்கா?"

ஸ்டூல் மேல் நின்றபடி கேட்டார் என் வீட்டுக்காரர். கையில் நீல எனாமல் பெயிண்ட் டப்பா. எதிரே கடை வாசல் பலகை. அதில் ஒரே ஒரு விலை.

39,990!

"நேராத்தான் இருக்கு. உங்க கணக்குதான் கோணலா இருக்கு," என்றேன், பலகையைச் சரியாகப் பார்க்காமலே.

சிரித்தார் உச்சிமாகாளி. கட்டை விரல் முழுக்க நீலம்.

அன்றைக்கு ஆடித் தபசுத் திருவிழா. மதியம். திருவேங்கடம் சாலையில் எங்கள் கடை. மாகாளி கேம்ஸ். வீடியோ கேம் மிஷின், டிஸ்க், கன்ட்ரோலர்.

சங்கரன்கோவிலில் பாதித் தறி நின்றுபோயிருந்த வருஷம் அது. ஓடிய தறியும் வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அந்த நேரம் பார்த்து மிஷின் விலையை ஏற்றியிருந்தான் கம்பெனிக்காரன். அட்டையில் ஐம்பத்தைந்தாயிரம். கடைக்காரனுக்கு அடக்கமே நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்துக்கு வாங்கி நாற்பதுக்கு விற்பதா?

"மிஷின நட்டத்துக்குக் குடுத்துட்டு, டிஸ்க்லயும் ரெண்டாவது கன்ட்ரோலர்லயும் எடுப்பேன்னு சொன்னிய. சரி. அதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"தறி நின்னா ஆளு வீட்டுல இருப்பான்ட்டி. குத்தாலம் போமாட்டான். சினிமா போமாட்டான். மொத்தக் குடும்பத்துக்கும் சேத்து ஒரு மிஷின் வாங்குவான். ஆனா அம்பத்தஞ்சுக்கு வாங்கமாட்டான்."

"அத சாக்பீஸ்ல எழுத வேண்டியதுதான? பெயிண்ட் எதுக்கு?"

"சாக்பீஸ்னா நாளைக்கு அழிச்சிருவேன்னு எதிர்க்கடைக்காரனுக்குத் தெரியும். பெயிண்டுன்னா நம்புவான்."

"நம்பி...?"

"ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கு. தபசு பாத்துட்டு வா, சொல்லுதேன். பேச்சிராஜாட்டயும் பேசணும்."

"அவன்கிட்டயா! அவன் உங்களக் கடிச்சி வச்சிருவான்!"

சொல்லி வாய் மூடவில்லை. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல்.

"ஏ உச்சி! என்ன வே, பெயிண்ட் அடிக்கியா?"

ராஜா எலக்ட்ரானிக்ஸ் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றான் பேச்சிராஜா. நாலு மாதமாக இதே கூத்து. இவர் காலையில் ஒரு விலை எழுதுவார். அவன் மதியத்துக்குள் அதைவிட ஐந்நூறு குறைத்து எழுதுவான். மறுவாரம் இவர். அப்புறம் அவன்.

"ஒனக்கு மட்டும் கம்பெனிக்காரன் மாமனா? நாசமாப் போவ! உன் ஷட்டர இழுத்து மூட வைக்கல, எம் பேரு பேச்சிராஜா இல்ல!"

டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

"வே, சாயங்காலம் சும்மா இருந்தா வாரும், பேசணும்!" என்று கத்தினார் இவர்.

"ஒன் எழவுக்கு வாரேன்!"

காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினான் மாரிக்கண்ணன். வாசுதேவநல்லூர்க்காரன். இந்த வட்டாரத்துக்கு மிஷின் சப்ளை செய்யும் ஏஜென்ட். எங்களுக்கும் அவன்தான், பேச்சிராஜாவுக்கும் அவன்தான். பின்சீட்டில் புது மிஷின் மூன்று கட்டியிருந்தது.

பெட்டிகளை இறக்கினான். நிமிர்ந்தான். பலகையைப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி... பெயிண்ட்டே அடிச்சிட்டியளா?"

"ஆமாப்பா. இனிமே மாறாது."

"இந்த விலை... எப்படிக் கட்டுபடியாகும்?"

"ஒனக்குத் தெரியாததா மாரி?" என்றார் இவர்.

நான் நீட்டிய தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைத் திருப்பித் தந்தான். "வாரேன்க்கா." போய்விட்டான்.

நான் எதையும் கவனிக்கவில்லை.

இவர் மூன்று பெட்டிகளையும் பிரித்தார். ஒவ்வொரு மிஷினையும் ஓட்டிப் பார்த்துத்தான் தருவார். அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. கோயில் புற்றுமண்ணைக் குழைத்து ஒரு பொட்டு. முதலில் வெளியில்தான் வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை மிஷினில் கறை பிடிக்கிறது என்று வாங்குகிறவர்கள் குறை சொன்னதால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்பக்கம் வைக்க ஆரம்பித்தார்.

புற்றுமண்ணில் நீலக் கட்டை விரல் அழுந்தியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"பெயிண்ட் கையோட சாமி மண்ணத் தொடுதியளே! அறிவு இருக்கா?"

"மூடிக்கு உள்ளதான? சாமிக்கு மட்டுந்தான் தெரியும்."

"ஆளும் விரலும்!"

தலையில் அடித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன்.

அந்தத் திட்டுதான் கடைசி.

* * *

தெற்கு ரத வீதியில் மூச்சுவிட இடமில்லை. சப்பரத்தில் கோமதியம்மன். எதிரே சங்கரநாராயணராகச் சாமி காட்சி தந்த நிமிஷம், கூட்டம் பந்தலை நோக்கிப் பருத்தியும் மிளகாய் வத்தலும் வாரி எறிந்தது. பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி என் கையைப் பிடித்திருந்தாள்.

"அண்ணன் வரலையாக்கா?"

"அவருக்கு வியாபாரந்தான் தபசு."

திரும்பி வந்தபோது கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

அடுத்து வீதியே கேட்ட அலறல்... என்னுடையது!

கல்லாவுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி பக்கத்தில். அதில் ரத்தம். கையை நீட்டியிருந்தார். கட்டை விரலில் நீலம் காய்ந்திருந்தது.

புது மிஷின் மூன்றையும் காணோம்.

* * *

இன்ஸ்பெக்டர் ஷாஹின் பானு சத்தம் போடாமல் கேள்வி கேட்கிறவர். பதில் பிடிக்காவிட்டால் மட்டும் புருவம் ஏறும்.

"கேமரா?"

"விலையைக் குறைச்சுக் குறைச்சு கேமராவுக்கு ஏதும் மிஞ்சலை மேடம்."

"யார் மேல சந்தேகம்?"

சாலைக்கு அந்தப் பக்கம் கை நீட்டினேன்.

பேச்சிராஜாவை அழைத்துப் போனார்கள். மறுநாளே விட்டுவிட்டார்கள். தபசுப் பந்தலில் அவன் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நின்றதைப் பாதி ஊர் பார்த்திருந்தது.

"ஆள் வச்சு செஞ்சிருப்பான் மேடம்!"

"அம்மா, அன்னைக்கு சாயங்காலம் மொத்த ஊரும் தபசுல நின்னுருக்கு. கொலைகாரனைத் தவிர. அவனும் அங்கதான் நின்னேன்னு சொல்லுவான். எனக்கு ஒரு பிடி குடுங்க."

"மிஷின் மூணும் கிடைச்சா?"

"நம்பரைச் சுரண்டிட்டா எல்லா மிஷினும் ஒண்ணுதானேம்மா."

"இல்ல மேடம்."

மூடிக்குள் இருக்கும் புற்றுமண்ணைச் சொன்னேன். புருவம் ஏறியது.

"இந்த ஊர்ல ஃபிரிட்ஜுக்கும் வைப்பாங்க, லாரிக்கும் வைப்பாங்க. மண்ணு கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லுமா?"

"இந்த மூணுலயும் மண்ணு மேல நீலப் பெயிண்ட்ல அவர் கட்டை விரல் இருக்கு. அன்னைக்கு மத்தியானம் வச்சது."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இத வேற யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"சொல்லாதீங்க."

* * *

கருமாதி முடிந்தது. நான் வீட்டில் உட்காரவில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. போணி!

காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை எங்கள் ஊர் வியாபாரி வெறுங்கையோடு அனுப்பமாட்டான். அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று நம்புகிறவன். நட்டமென்றாலும் கொடுப்பான். ஆனால் நட்டத்துக்குக் கொடுக்கும்போது கை எதைத் தேடும்? தனக்கு மலிவாக வந்ததை. சும்மா வந்தது ஒன்று உள்ளே இருந்தால்... அதை!

பேச்சிராஜா சாமி படத்துக்குச் சூடம் காட்டித் திரும்பியபோது எதிரே நான் நின்றேன்.

"வெளங்கும்! போணிக்கு வந்து நிக்கிற ஆளப் பாரு!"

"ஒரு மிஷின் வேணும். இருபதாயிரம் தாரேன்."

"என்னது?"

"போணி. இல்லன்னு சொல்லாதிய."

முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது.

"நாப்பத்தஞ்சு குடுத்து வாங்கி வச்சிருக்கேன், இருபதுக்குக் கேக்கியா? போலீஸ விட்டு என்ன நாறடிச்சது பத்தாதா? புருசன் இருந்து அறுத்தான், இப்ப நீ வந்து அறுக்கியா?"

"தருவியளா, மாட்டியளா?"

கல்லாவில் ஓங்கி அடித்தான். அலமாரியைப் பார்த்தான். சீல் பிரிக்காத பெட்டிகள். ஒன்றைத் தொட்டான்... கையை எடுத்தான். தொட்டான்... எடுத்தான்! பிறகு தொங்கிக்கொண்டிருந்த ஒரு சார்ஜர் வயரைப் பிடுங்கி என் முன்னால் எறிந்தான்.

"போணிதான வேணும்? இந்தா! இருபது ரூவா! எடுத்துட்டு நட!"

வயரோடு நின்றேன். இவனிடம் சும்மா வந்தது எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கை அலமாரிக்குப் போயிருக்காது.

"இன்னும் என்ன நிக்க?" என்றான். "உம் புருசனுக்குத் தனி ரேட்டு கெடச்சுது, விலைய அறுத்துப் போட்டான். எனக்கு எவன் குடுத்தான்?"

"தனி ரேட்டா? எங்களுக்கா?"

"நடிக்காத! ஒங்களுக்குக் கம்பெனிக்காரன் முப்பத்தெட்டுக்குக் குடுக்கான்னு மாரிக்கண்ணனே எங்கிட்ட சொன்னான்!"

வயரைக் கல்லா மேல் வைத்தேன்.

"அண்ணாச்சி... உங்களுக்குத்தான் முப்பத்தெட்டுன்னு எங்ககிட்ட சொன்னான்."

"எவன்?"

"அதே மாரிக்கண்ணன்."

பேச்சிராஜா வாயைத் திறந்தான். திட்டு வரவில்லை. எனக்குத் தெரிந்து அவனுக்கு அப்படி ஆனது அதுதான் முதல் முறை.

* * *

"ரெண்டு பேருக்கும் ரெண்டு பொய்," என்றார் ஷாஹின் பானு. "பொய் சொன்னதுக்கு ஜெயில் கிடையாதும்மா."

"ராஜபாளையம் ரோட்டுல சொந்தமாக் கடை போட்டிருக்கான். வெள்ளிக்கிழமை திறப்பு."

"அதுக்கு?"

"திறப்பு நாள் போணி மேடம். அன்னைக்கு எவனும் இல்லன்னு சொல்லமாட்டான்."

பேனாவை மூடி வைத்தார்.

"நான் வெளிய நிப்பேன். சத்தம் கேட்டா வருவேன்."

"சத்தம் போட முடியலைன்னா?"

"அப்பவும் வருவேன்."

* * *

வெள்ளிக்கிழமை. புதுக்கடை வாசலில் மாவிலை. பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. ஆள் யாரும் இன்னும் வரவில்லை. உள்ளே கழுத்தில் மாலையோடு மாரிக்கண்ணன்.

"அக்கா! நீங்களா? வாங்க, வாங்க!"

"ஒன் கடைக்கு மொத போணி நானா இருக்கட்டும்னு வந்தேன். என்ன மாதிரி ஆளு மொதல்ல வரலாமோ என்னமோ..."

"சே! என்னக்கா இப்படிப் பேசுதிய? அண்ணாச்சி இருந்தா அவுகதான் வந்து திறந்து வச்சிருப்பாவ."

குரல் தழுதழுத்தது.

"ஒரு மிஷின் வேணும் மாரி. கடை டிவியில போட்டு ஓட்ட ஒண்ணுகூட இல்ல. இருபதுதான் இருக்கு."

அடக்கம் நாற்பத்தைந்து. கேட்டது இருபது.

பேரம் இல்லை. பெருமூச்சு இல்லை. கல்லாவில் அடிக்கவில்லை. பேச்சிராஜா பட்ட வேதனையில் துளிகூட இந்த முகத்தில் இல்லை!

"போணி கேட்டுட்டிய. அதுவும் நீங்க. இல்லன்னா சொல்லுவேன்?"

அலமாரியில் சீல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரைக்குப் பின்னால் போனான். பெட்டி இல்லாத ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்தான்.

"டெமோ பீஸ்க்கா. புதுசு மாதிரித்தான். ஓட்டிக் காட்டட்டுமா?"

"வேண்டாம். மூடியை மட்டும் பாத்துக்கிடுதேன்."

"மூடியா? அதுல என்ன..."

பக்கவாட்டு மூடியை நெட்டித் தள்ளினேன். 'டக்' என்று வந்தது.

காய்ந்த புற்றுமண். அதன் நடுவில்... நீலமாக... ஒரு கட்டை விரல்!

ரேகை ரேகையாக. ஓரத்தில் அவருக்கிருந்த வெட்டுத் தழும்புகூட.

மாரிக்கண்ணன் குனிந்து பார்த்தான்.

"என்னக்கா அது?"

"உங்க அண்ணாச்சி."

மெதுவாக நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தான். கை உயர்ந்து ஷட்டரைப் பிடித்தது.

"அத இங்கன வைங்கக்கா."

"மாட்டேன்."

"வைட்டி!"

மாலையோடு நின்றான். அண்ணாச்சி இல்லை, அக்கா இல்லை. ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெளிச்சம் குறைந்தது. மிஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டினேன்.

"அவனும் இப்படித்தான் நின்னான்," என்றான். "எட்டாயிரத்தையும் திருப்பிக் குடுன்னான். ரெண்டு கடைக்கும் சேத்துக் குடுன்னான். இல்லன்னா எதிர்க்கடைக்காரன்கிட்ட இன்னைக்கே சொல்லுவேன்னான். வாய வச்சிட்டு சும்மா இருக்கத் தெரியாத பய..."

என் மேல் பாய்ந்தான்.

தரைக்கும் ஷட்டருக்கும் நடுவே ஒரு கறுப்பு ஷூ நுழைந்தது. ஷட்டர் தூக்கியடித்து மேலே போனது.

"மொத போணி முடிஞ்சுதா?" என்றார் ஷாஹின் பானு. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். "நான் ரெண்டாவது கஸ்டமர்."

மாரிக்கண்ணன் பின்வாங்கினான். மாலை அறுந்து பூ சிதறியது.

"மேடம்... அது டெமோ பீஸ்..."

"அப்படியா? எங்கிட்டயும் ஒரு டெமோ பீஸ் இருக்கு," என்று விலங்கை எடுத்தார். "ஸ்டேஷன் வந்து திருப்பிக் குடு."

* * *

மற்ற இரண்டு மிஷினும் அந்தத் திரைக்குப் பின்னாலேயே இருந்தன. இரண்டிலும் நீலக் கட்டை விரல்.

"எட்டாயிரம்னு சொன்னானே மேடம், அது என்ன?" என்று ஸ்டேஷனில் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் காலையில சென்னை கம்பெனி ஆபீஸுக்குப் பேசியிருக்கார். நானும் அதே நம்பருக்குப் பேசினேன்." தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "கஷ்ட காலத்துல அட்டை விலையைக் குறைச்சா திரும்ப ஏத்துறது சிரமம்னு கம்பெனி நினைக்குது. அதனால அட்டையில விலையை ஏத்திட்டு, விக்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் கடைக்காரருக்கு எட்டாயிரம் திருப்பிக் குடுக்குது. ஏஜென்ட் வழியா."

"எங்களுக்கு வரவே இல்லையே!"

"பேச்சிராஜாவுக்கும் வரலை. ரெண்டு கடைக்கும் சேர்த்து இவன்தான் சாப்பிட்டிருக்கான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா வெளியில வந்துரும். அதனால பேசிக்காம பாத்துக்கிட்டான். போட்டி போட்டுக் குறைச்சீங்க. நிறைய வித்துச்சு. வித்ததெல்லாம் அவனுக்கு எட்டு, எட்டு, எட்டு."

என் தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது. நாற்பத்தைந்தில் எட்டுப் போனால்... முப்பத்தேழு. அவர் எழுதியது நாற்பதாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைவு.

நட்டமே இல்லை!

அது சண்டைக்கு எழுதிய விலை இல்லை. நியாயமான விலை. பேச்சிராஜாவும் தாராளமாக விற்கக்கூடிய விலை. அதைச் சொல்லத்தான் அவனைச் சாயங்காலம் வரச் சொன்னார்.

கணக்கு கோணல் என்று சொன்னவள் நான். அது நேரானது என்பதை அந்தப் பலகையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டவன் ஒருவன்தான். அவன் என் கைத் தண்ணீரைக் குடிக்காமல் போனான்.

* * *

மறுவாரம் கடையைத் திறந்தேன். பூட்டை எடுக்கும்போதே எதிர்ப்பக்கம் சத்தம்.

ஸ்டூல் மேல் ஏறி நின்றான் பேச்சிராஜா. கையில் சிவப்பு எனாமல் பெயிண்ட். நாலு மாதச் சாக்பீஸ் எழுத்தையெல்லாம் கழுவியிருந்தான். புதிதாக எழுதியிருந்தான்.

39,990!

"என்ன பாக்க?" என்று உறுமினான். "எட்டாயிரம் இப்ப நேரா நம்ம அக்கவுண்டுக்கு வருது. ஒன் ஒருத்திக்குத்தான் வியாபாரம் பண்ணத் தெரியுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி."

"எழவுக்கு வாரேன்னு சொன்னேன். வரல." பிரஷ்ஷைப் பெயிண்டில் குத்தினான். "போலீஸு கூட்டிட்டுப் போயிட்டான். அதான் வர முடியல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

நடுவில் திருவேங்கடம் டவுன் பஸ் ஒன்று ஹாரனோடு கடந்து போனது.

"ஏம்மா! இந்த ஒன்பது நேரா இருக்கா?"

இந்தத் தடவை சரியாகப் பார்த்தேன்.

"நடு ஒன்பது கோணல் அண்ணாச்சி."

"கெடக்கட்டும்! ஒன் புருசன் போர்டப் பாத்துத்தான் எழுதுனேன். அவனுக்கு மட்டும் நேராவா இருக்கு?"

நிமிர்ந்து எங்கள் பலகையைப் பார்த்தேன்.

நடு ஒன்பது கோணல்தான்.